கடலே இல்லாத ஊரிலிருந்து தனியாகக் கப்பலேறுபவர்களுக்கு: முதல் நான்கு நாள் முழு வழிகாட்டி

திருப்பூர் பின்னலாடை யூனிட்டில் 22 வருஷமாக மெர்ச்சன்டைசர் வேலை. நான் சரிபார்த்து அனுப்பிய பெட்டிகள் தூத்துக்குடியில் கப்பலேறி எங்கெங்கோ போயிருக்கின்றன. கட் ஆஃப், அதாவது சரக்கு போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், தவறினால் கப்பல் நமக்காக நிற்காது என்று யூனிட்டில் கத்திக் கத்தியே தொண்டை கெட்டவள் நான். ஆனாலும் 51 வயது வரைக்கும் நான் ஏறிய பெரிய கலம் ஒகேனக்கல் பரிசல்தான்.

போன நவம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனாவில் சுற்றுலாக் கப்பல் ஏறி அமெரிக்காவின் மியாமியில் இறங்கினேன். 14 ராத்திரி, தனியாக. விஷயம் தெரிந்ததும் அவிநாசியிலிருந்து பெரியம்மா போன் பண்ணினார். "தனியாவா போறே? தொணைக்கு ஆரும் வல்லியா கண்ணு? நெம்ப வெசனமா இருக்குது." அவருக்குப் பயம் புயல் பற்றி. புயல் ஒன்றும் வரவில்லை. என்னைப் படுத்தியது இரண்டாம் நாள் சாயங்காலம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீண்ட கடல் பயணத்தில் தனி ஆளுக்கு வேலையெல்லாம் முதல் நான்கு நாளில்தான். அதற்குள் கப்பலில் உங்களுக்கென்று உட்கார ஓர் இடம், தினமும் அதே நேரத்தில் செய்ய ஒரு காரியம், பேர் சொல்லிக் கூப்பிட இரண்டு முகம், இந்த மூன்றும் அமைந்துவிட வேண்டும். அமைந்துவிட்டால் மீதி நாள் தானாக ஓடும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் காசு. கப்பல் அறைக்கு இரண்டு பேர் தங்குவதை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். தனியாகப் போனால் வராத அந்த இரண்டாவது ஆளின் கட்டணத்தையும் பல கப்பல்களில் நீங்களே கட்ட வேண்டும். ஒற்றையாள் அறை உள்ள கப்பல்களும் உண்டு. 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அப்படிப்பட்ட சின்ன அறைகளை நிறையவே கட்டினார்கள். குயின் மேரி 2 கப்பலில் 2016இல் புதுப்பித்தபோது சேர்த்தார்கள். ஆனால் பெரும்பாலான கப்பல்களில் அவை கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இன்னொரு வழி இடம் மாறும் கப்பல். கோடையில் மத்திய தரைக்கடலில் ஓடிய கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் போயாக வேண்டும். அக்டோபர், நவம்பரில் சும்மா போகாமல் ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ரிட்டர்ன் லோடு வாடகை எப்போதும் மட்டம்தான். மேற்கே போவதில் ஒரு லாபமும் இருக்கிறது. நவம்பரில் பார்சிலோனாவுக்கும் மியாமிக்கும் 6 மணி நேர வித்தியாசம். கப்பலில் அதைச் சிறுகச் சிறுக, ஒரு ராத்திரிக்கு ஒரு மணி நேரமாகப் பின்னால் தள்ளுவார்கள். ஆறு ராத்திரி ஒவ்வொரு மணி நேரம் கூடுதல் தூக்கம். கிழக்கே வந்தால் அதே ஆறு மணி நேரம் பறிபோகும். முதல் தடவை போகிறவர்கள் மேற்கே போங்கள்.

விசாவில் அசட்டை வேண்டாம். என் பயணத்துக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), அமெரிக்காவின் பி1/பி2 விசா இரண்டும் தேவைப்பட்டன. நடுவில் ஷெங்கனுக்கு வெளியே ஒரு துறைமுகத்தில் நின்று திரும்ப உள்ளே வருகிற பாதை என்றால் பல முறை நுழையும் ஷெங்கன் விசா வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் பாக்கி இருக்கட்டும். தாள் சரியில்லை என்றால் துறைமுகக் கவுண்டரிலேயே திருப்பி விடுவார்கள், கட்டிய பணமும் வராது.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்று கேளுங்கள். சீசா பலகையில் நுனியில் உட்கார்ந்தவன்தான் ஏறி இறங்குவான், நடுவில் நிற்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அலையில் கப்பலும் அப்படித்தான். தளப்படத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைக்கு மேல் பஃபே கூடம் இருந்தால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும்.

பயணக் காப்பீட்டில், கப்பலிலிருந்து கரைக்கு நோயாளியைக் கொண்டு போகும் செலவு அடங்குகிறதா என்று வாசித்துப் பாருங்கள். கப்பல் ஆஸ்பத்திரியில் பில் டாலரில் வரும், கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால்தான் கேட்டு வாங்க வேண்டும். துறைமுக ஊருக்கு ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, ஆசியக் கப்பல் என்றால் அது சௌகரியம். பார்சிலோனாவுக்கு நடுவில் மாறித்தான் சேர முடியும். மாறும் இடத்தில் ஒரு விமானம் தாமதமானால் போச்சு.

பெட்டிக்குள்

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் எடுக்காதீர்கள். ஏறும்போதே ஸ்கேனரில் பார்த்து வாங்கி வைத்துவிட்டுக் கடைசி நாளில் கொடுப்பார்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அதே கதிதான். நடுக்கடலில் தீப்பிடித்தால் வண்டி அனுப்ப யாரும் இல்லை, அதனால்தான் இந்தக் கெடுபிடி. அமெரிக்க, ஐரோப்பியப் பின்னுக்கு அடாப்டர் போதும்.

வெட்கப்படாமல் சொல்கிறேன், ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். கழிப்பறையில் காகிதம் மட்டும்தான் இருக்கும். அதே மாதிரி நான்கு காந்தக் கொக்கி. அறைச் சுவரெல்லாம் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் பச்சென்று பிடிக்கும். ஈரத்துண்டு, தொப்பி, கைப்பை எல்லாம் அதில் தொங்கிவிடும்.

வீட்டில் சுட்ட கச்சாயத்தைப் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் பிரச்சினை இல்லை. பருப்புப் பொடி, ஊறுகாய், கடலை மிட்டாய் மூன்றும் எனக்குப் போதுமாக இருந்தன. பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பா இரண்டு பாக்கெட் கட்டாயம், அது எதற்கு என்று கடலே சொல்லிவிடும். மீதி இருப்பதைக் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். அமெரிக்காவில் இறங்கும்போது தின்பண்டம் இருந்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுத்துவிடுவீர்கள், அது அறை வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகும். எனக்கு ராத்திரி 9 மணிக்குத்தான் வந்தது. விமானத்தில் கசங்கிய துணியோடு முதல் விருந்துக்குப் போனேன். ஆகவே பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி கைப்பையில். துணி விஷயத்தில் திருப்பூர்க்காரி சொல்வதைக் கேளுங்கள்: இஸ்திரி இல்லாத இடத்துக்கு நெய்த துணியைக் குறைத்துப் பின்னல் துணியை எடுத்துப் போங்கள். சுருட்டி வைத்தாலும் மடிப்பு விழாது.

கிளம்பும் வாரத்திலேயே கரண்ட் பில், இன்சூரன்ஸ், கார்டு பாக்கி எல்லாம் கட்டிவிடுங்கள். கடலில் போனை ஏர்பிளேன் மோடில்தான் வைக்கப் போகிறீர்கள், ஓடிபி வராது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்தீர்களா என்றும் பாருங்கள். நம் வங்கிகள் அதைப் பூட்டித்தான் கொடுக்கின்றன.

முதல் நாள்

இணையத்தில் முன்பே செக் இன் முடித்து, கொடுத்த நேரத்துக்குப் போனால் வரிசை ஓடிவிடும். சில பயணங்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். பதறாதீர்கள், நகல் கையில் இருக்கட்டும். ஒரு கார்டு கொடுப்பார்கள். அதுதான் அறைச் சாவி, பர்ஸ், அடையாள அட்டை எல்லாம்.

உள்ளே போனதும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். கோவில் அன்னதான வரிசை மாதிரி இருக்கும். முக்கியச் சாப்பாட்டுக் கூடம் மதியம் திறந்திருந்தால் அங்கே போங்கள், காலியாக இருக்கும். அறை கிடைக்க மதியம் ஒன்றரை மணி வாக்கில் ஆகும்.

முதல் காரியம் மஸ்டர் ஸ்டேஷன், அதாவது ஆபத்து என்றால் கூட வேண்டிய இடம். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். ஏழு குட்டைச் சங்கு, பிறகு ஒரு நீளச் சங்கு கேட்டால் அது பொது அபாய அறிவிப்பு. பயிற்சி முடிந்த பிறகு நீங்களாக ஒரு தடவை, லிஃப்டை விட்டுவிட்டுப் படி வழியாக, அறையிலிருந்து அந்த இடத்துக்கு நடந்து பாருங்கள். நான் கதவுகளை எண்ணினேன்: படிக்கட்டு வரைக்கும் 11 கதவு. கூட ஒருவர் இருந்தால் ஆளுக்கு ஆள் இழுத்துக்கொண்டு ஓடலாம், தனியாள் தானே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

அறையைக் கவனிக்கும் கேபின் ஸ்டூவர்ட் அன்றே வந்து பேர் சொல்வார். காலையில் எத்தனை மணிக்கு வரலாம், இரட்டைக் கட்டிலைப் பிரிக்க வேண்டுமா, எல்லாம் அப்போதே பேசிவிடுங்கள். நீங்கள் ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை என்றால் முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் அவர்தான். உங்கள் மருந்துகளின் பட்டியலை மேசைமேல் அவர் கண்ணில் படும்படி வையுங்கள். அறை எண்ணை மட்டும் யார் காதிலும் விழுகிற மாதிரி வெளியே சொல்லாதீர்கள். கூட்டாக வந்தவர்களிடம் பேசும்போதும் "கீழ்த்தளம்" என்று சொன்னால் போதும்.

ராத்திரி மேசை

தனியாளுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய முடிவு. விரும்பிய நேரத்தில் போய்ச் சாப்பிடும் முறையும் உண்டு, தினமும் அதே நேரம், அதே மேசை, அதே ஆட்கள் என்ற முறையும் உண்டு. கேட்பதற்கு முதலாவது சுதந்திரமாகத் தெரியும். நீண்ட பயணத்தில் இரண்டாவதை எடுங்கள், ஆறோ எட்டோ பேர் உட்காரும் பெரிய மேசையாகக் கேளுங்கள். ஏறும் முன்பே கேட்கலாம், இல்லையென்றால் முதல் நாள் மதியம் ஹெட் வெயிட்டரிடம் போய்க் கேளுங்கள். ஆட்கள் ஒத்து வரவில்லை என்றால் மறுநாளே மாற்றச் சொல்லலாம். அது அவர்களுக்கு அன்றாட வேலை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று நான்கு நாள் கழித்து எழுந்து போனால்தான் சம்பந்தி வீட்டில் பந்தியை விட்டு எழுந்த மாதிரி ஆகிவிடும்.

சாப்பாடு பற்றிக் கவலை குறைவு. மாட்டிறைச்சி, பன்றி வேண்டாம் என்றோ சைவம் என்றோ முன்பதிவிலேயே எழுதிவிட்டு, முதல் ராத்திரி வாயாலும் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே காட்டி, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சமையல் கட்டிலும் கூடத்திலும் இந்தியர்கள் நிறைய. சட்டையில் குத்திய பேர் அட்டையில் நாட்டின் பேரும் இருக்கும். எங்கள் பக்கத்து மேசை வெயிட்டர் என் பேரைக் கேட்டதும் திரும்பினார். "தமிழா அக்கா? நமக்குத் தக்கலை பக்கம். நாளைக்குப் பருப்பும் சோறும் வச்சுத் தரச் சொல்லுதேன்." அரிசியும் பருப்பும் தனித்தனியாகத்தான் வந்தன. பிசைந்து, பருப்புப் பொடியைத் தூவி, நம்மூர் அரிசி பருப்புச் சோறு என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த கனடாக்காரருக்கும் ஒரு கரண்டி போனது.

இரண்டாம் நாள்: வயிறும் சாயங்காலமும்

கடல் நோய்க்கு மருந்து வாந்தி வந்த பிறகு எடுத்தால் பிரயோஜனமில்லை. எது ஒத்துக்கொள்ளும் என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் வரும், பரவாயில்லை. ஆட்டம் வந்தால் நடுக்கப்பல் கீழ்த்தளத்துக்குப் போங்கள், அல்லது வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. அந்த சண்டைதான் குமட்டல். போனைப் பார்த்தால் சண்டை முற்றும். வெறும் வயிறும் கூடாது. பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், இஞ்சி மரப்பா. கப்பல்காரர்களே பச்சை ஆப்பிளைக் கூடையில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஜெல், கப்பலில் பரவும் நோரோ வைரஸை அவ்வளவாக மட்டுப்படுத்தாது. வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தச் சாயங்காலம். முதல் நாள் முழுக்க ஏற்பாட்டில் ஓடிவிடுகிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. தாழ்வாரத்தில் ஜோடி ஜோடியாக உடுத்திக்கொண்டு போகிறார்கள். என் அறைக்குச் சன்னல் கிடையாது. மேசைக்குப் போக வெட்கமாக இருந்தது, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம் என்று கட்டிலில் உட்கார்ந்து கடலை மிட்டாயை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள், காதில் வாங்கவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மேசைக்காரர்கள் சொன்னார்கள், ராத்திரி ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தாண்டியிருக்கிறோம். ஒரு பக்கம் ஐரோப்பாவின் விளக்குகள், ஒரு பக்கம் ஆப்பிரிக்காவின் விளக்குகள். குறுகலான இடத்தில் நடுவே ஏறக்குறைய 14 கிலோமீட்டர்தான், திருப்பூருக்கும் அவிநாசிக்கும் உள்ள தூரம். மொத்தக் கப்பலும் மேல்தளத்தில் நின்றிருக்கிறது, நான் சன்னலில்லாத அறையில் கடலை மிட்டாய்த் தாளோடு.

ஆகவே இரண்டாம் நாள் சாயங்காலத்துக்கு முன்கூட்டியே ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மனசு எப்படி இருந்தாலும் 6 மணிக்கு அறையை விட்டு வெளியே. அன்று மட்டும் அறையில் சாப்பாடு வாங்காதீர்கள். தினசரி நிகழ்ச்சித் தாளை, சில கப்பல்களில் அது ஆப்பில் இருக்கும், காலையிலேயே படித்து மூன்று இடத்தில் கோடு போட்டு வையுங்கள். எந்த இடத்தை எப்போது தாண்டுகிறோம் என்பதும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

மூன்றாம் நாள்: முகங்கள்

அந்தத் தாளில் தனிப்பயணிகள் சந்திப்பு என்று ஒரு வரி தேடுங்கள். பல கப்பல்களில் முதல் ஓரிரு கடல் நாட்களில் இருக்கும். நடத்த ஊழியர் ஒருவர் வந்தால் நல்லது. வராவிட்டாலும் கால் மணி நேரம் உட்காருங்கள், நான்காவது ஆள் வந்துவிட்டால் தானாகப் பேச்சு தொடங்கும். எங்கள் சந்திப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய பெண்கள், இது எத்தனையாவது பயணம் என்று விரல் விட்டு எண்ணுகிறவர்கள். கப்பலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அதைவிடச் சுலபமான வழி வினாடி வினா. ஆறு பேர் அணி, எப்போதும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். "சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டால் போதும். கிரிக்கெட் கேள்வி ஒன்றுக்கு விடை சொன்னதிலிருந்து எனக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்தார்கள். இன்னொன்று, விடியற்காலை நடை. நடைத்தளத்தில் எத்தனை சுற்று ஒரு மைல் என்று எழுதியிருக்கும். காலை ஆறரைக்கு நடப்பவர்கள் நேரமும் மாறுவதில்லை, ஆளும் மாறுவதில்லை. மூன்றாம் சுற்றில் தலையாட்டல், மறுநாள் காலை வணக்கம், அதற்கடுத்த நாள் காபி.

ஒரு நாள் என் முன்னால் நடந்த, இங்கிலாந்தின் லீட்ஸ் ஊர் அம்மாவின் டி ஷர்ட் விளிம்புத் தையலைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது. கேட்டுக் கழுத்து லேபிளைப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது. எங்கள் ஊரில்தான் தைத்திருப்பார்கள் என்று சொன்னால் அவர் நம்பவில்லை, விளிம்பை மடக்கிக் காட்டித் தையல் வகையைச் சொன்ன பிறகுதான் நம்பினார். எனக்குக் கிடைத்த முதல் முகம் அவர்தான்.

உட்கார இடம் பிடிப்பதும் இதே நாளில். மேலே குளத்தைச் சுற்றியுள்ள நாற்காலிகளுக்குத் துண்டு போட்டு அடித்துக்கொள்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். நூலகம், நடைத்தளத்தின் நிழல் பக்கம், மதியம் காலியாக இருக்கும் மது அருந்தகத்தின் சன்னலோரம், இவற்றில் ஒன்று. மது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

செலவும் போனும்

ஊழியர் அன்பளிப்பு என்று பெரிய கப்பல்களில் நாளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் கணக்கில் ஏறும். இது ஆள் கணக்கு, தனியாளுக்கு ஒரு பங்குதான். கணக்கைக் கவுண்டரிலோ ஆப்பிலோ மூன்றாம் நாளே ஒரு முறை பாருங்கள். நான் வாங்காத ஒரு காபி பேக்கேஜ் என் பேரில் ஏறியிருந்தது, சொன்னதும் எடுத்துவிட்டார்கள்.

போனை ஏர்பிளேன் மோடில் வைத்து வைஃபை மட்டும். கப்பலுக்கென்று ஒரு செல்போன் நெட்வொர்க் உண்டு. தெரியாமல் அதில் ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் பயங்கரமாக வரும். வைஃபையைக் கிளம்பும் முன்பே வாங்கினால் பெரும்பாலும் மலிவு. வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்: இரண்டு நாளைக்கு ஒரு சேதிதான், வராவிட்டால் முழுகிவிட்டாள் என்று அர்த்தமில்லை.

நான்காம் நாள்: முதல் கரை

எங்கள் முதல் துறைமுகம், அட்லாண்டிக்கில் உள்ள ஸ்பெயின் தீவான டெனெரிஃபின் சாந்தா குரூஸ். அங்கே நேரம் பார்சிலோனாவைவிட ஒரு மணி நேரம் பின்னால், முந்தின ராத்திரியே கப்பல் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். எல்லாத் துறைமுகத்திலும் அப்படிக் கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் தன் நேரத்தில்தான் கிளம்பும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக் கப்பல் நேரத்தை வையுங்கள். திரும்ப வேண்டிய கடைசி நேரம் கிளம்புவதற்கு அரை மணி முன்பாக இருக்கும். கூட வந்தவர் யாரும் இல்லாத ஆளுக்காக, "இன்னும் வரவில்லையே" என்று கவுண்டரில் போய்ச் சொல்ல ஆள் கிடையாது. லீட்ஸ் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பாஸ்போர்ட் நகல், துறைமுக ஏஜென்ட் எண் உள்ள அன்றைய தாள், கொஞ்சம் யூரோ, கப்பல் கார்டு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

சாயங்காலம் கிளம்பியபோது நடைத்தளத்தின் பின்பக்கம் நின்றோம். அந்தத் தீவின் டெய்டே மலை 3,715 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், கரை மறைந்த பிறகும் வெகுநேரம் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குத் தண்ணீர்தான். வைஃபையில் பெரியம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: தொணைக்கு ஆள் கிடைச்சாச்சு பெரீம்மா, வெசனப்பட வேண்டாம்.

உடனே பதில் வந்தது. "ஆரு கண்ணு அது? எந்தூரு?"